மண்ணுக்கடியில் ஃபைபர் இணைப்பு: கடலூர்த் தோப்பு வீடு ஒன்றில் நடந்த வேலையின் மதிப்பீடு

தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஃபைபர் கேபிளைத் தலைக்கு மேலே இழுக்காமல், மண்ணுக்கடியில் குழாய் பதித்து அதன் வழியாகக் கொண்டுவரும் சேவையை 2024ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் எங்கள் கடலூர் வீட்டுக்குப் பெற்றோம். செய்து கொடுத்தது, பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் கூட்டாளியாக இருந்து இணைப்பு வழங்கும் உள்ளூர் நிறுவனம். அந்த ஆண்டின் வடகிழக்குப் பருவமழையையும் ஃபெஞ்சல் புயலையும் அந்தக் கேபிள் பார்த்துவிட்ட பிறகு எழுதுவதால், இனி என் தீர்ப்பு பெரிதாக மாறாது என்று நினைக்கிறேன். கண்ணாடி இழைகளை ஒட்டிய வேலை முதல்தரமானது. பள்ளம் வெட்டிய வேலையை, பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அலுவலகத்தின் நடைமுறையில் எனக்குத் திருப்தியே இல்லை. ஆனாலும் முடிந்து நிற்கும் இணைப்பு, இந்த வீட்டுக்கு இதுவரை வந்த தொலைபேசி, இணைய இணைப்புகள் எல்லாவற்றையும்விட நம்பகமானது.

எங்கள் வீடு தெருவை ஒட்டியதன்று. வாசல் கேட்டிலிருந்து எழுபது மீட்டர் உள்ளே, தென்னந்தோப்புக்குப் பின்னால் இருக்கிறது. முதலில் கொடுத்த ஃபைபர் இணைப்பில், வழக்கமான மெல்லிய கறுப்பு டிராப் கேபிளைக் கம்பத்திலிருந்து எடுத்து, இரண்டு தென்னை மரங்களில் ஆணியடித்துக் கட்டி, மாடிக் கைப்பிடிச் சுவர் வரை இழுத்திருந்தார்கள். காய்ந்த தென்னை மட்டை ஒன்று உயரத்திலிருந்து விழும்போது அதன் அடிப்பக்கம் எவ்வளவு கனமாக இறங்கும் என்பது தோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மட்டை விழுந்து கேபிள் அறும். மோடத்தில், ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னும். லைன்மேன் வந்து அறுந்த இடத்தில் ஒரு மெக்கானிக்கல் இணைப்பியைப் போட்டு, அதன்மேல் கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டுப் போவார். சில மாதங்களில் இன்னொரு மட்டை, இன்னோர் இணைப்பி. இப்படிப்பட்ட இணைப்பி ஒவ்வொன்றும், நன்றாகப் போட்டாலே, அரை டெசிபல் (ஒளியிழப்பை அளக்கும் அலகு) வரை ஒளியைத் தின்றுவிடும். வெயிலிலும் மழையிலும் கிடந்து தூசியும் ஈரமும் புகுந்துவிட்டால் இழப்பு இன்னும் கூடும். கடைசியில் எங்கள் மோடத்துக்கு வந்து சேர்ந்த ஒளியின் அளவு மைனஸ் 25.8 டிபிஎம் வரை இறங்கிவிட்டது (டிபிஎம் என்பது ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு). ஓர் இழையைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் ஜிபான் வகை இணைப்புகளில் வீட்டுக் கருவி மைனஸ் 27 வரை தாங்கும் என்பது பொதுவான வரையறை. அதாவது, விளிம்பில் நின்றுகொண்டிருந்தோம். சாதாரண நாள்களில் எல்லாம் சரியாக ஓடும். மழை பெய்தால் விட்டுவிட்டு வரும். வீட்டிலிருந்தே வேலை செய்யும் என் மகளுக்குக் கூட்டத்தின் நடுவில் இணைப்பு போவது வாடிக்கையாகிவிட்டது.

எனவே மண்ணுக்கடியில் போட்டுத் தாருங்கள் என்று கேட்டோம். ‘செய்து கொடுக்கலாம்’ என்று அலுவலகத்தில் உடனே ஒப்புக்கொண்டார்கள். எப்படிச் செய்வார்கள் என்பதில்தான் பிரச்சினை இருந்தது. மேற்பார்வையாளர், தலைக்கு மேலே போகும் அதே டிராப் கேபிளைக் குழாய் எதுவும் இல்லாமல் அரை அடிப் பள்ளத்தில் கிடத்தி மண்ணை மூடுவதைத்தான் மனத்தில் வைத்திருந்தார். "அரை அடி போதும்மா, எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் போடுறோம்" என்றார். தென்னந்தோப்பில் அரை அடி என்பது ஒன்றுமே இல்லை. பாத்தி வெட்டும்போதும் உரம் வைக்கும்போதும் மண்வெட்டி அதைவிட ஆழமாக இறங்கும். போதாததற்குப் பெருச்சாளி வளைகளும் கரையானும் இருக்கிற மண். டிராப் கேபிள் காற்றில் தொங்குவதற்காகச் செய்யப்பட்டது. அதன் உறை மண்ணுக்குள் பல ஆண்டுகள் கிடப்பதற்கானதன்று. அப்படிப் புதைத்த கேபிள் ஒருமுறை பழுதானால், மீண்டும் எழுபது மீட்டரையும் தோண்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

இந்தச் சேவையை வாங்க நினைக்கும் எவருக்கும் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்: நீங்கள் காசு கொடுத்து வாங்குவது கேபிளையன்று, குழாயை. குழாய் சரியாக இருந்தால் கேபிளை எப்போது வேண்டுமானாலும் உருவி மாற்றிக்கொள்ளலாம். பத்து ஆண்டு கழித்து வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் அதே பாதை பயன்படும். குழாய் இல்லாமல் புதைத்த கேபிளுக்கு மறுபிறவி கிடையாது. நெடுந்தொலைவுக் கேபிள்களுக்கு இந்நாட்டில் பல பத்தாண்டுகளாக எச்டிபிஇ எனும் உறுதியான பிளாஸ்டிக் குழாய்களைத்தான் பதித்துவருகிறார்கள். பிஎஸ்என்எல் தன் வெளியூர்த் தடங்களில் 40 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள குழாயை ஒன்றரை மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறக்குவது வழக்கம். வீட்டுக்கு அவ்வளவு ஆழமும் பருமனும் வேண்டியதில்லை. 32 மில்லிமீட்டர் எச்டிபிஇ குழாயும் இரண்டடி ஆழமும் போதும் என்று முடிவு செய்து, அதை எழுத்தில் கேட்டேன். எழுத்தில் கிடைக்கவில்லை. நீண்ட பேச்சுக்குப் பிறகு, குழாயை நாங்கள் வாங்கிக் கொடுத்தால் பதித்துத் தருவதாக ஒத்துக்கொண்டார்கள்.

எச்டிபிஇ குழாய் சுருளாக வருவதால் நடுவில் ஒட்டு இல்லாமல் எழுபது மீட்டரும் ஒரே துண்டாகக் கிடைக்கிறது. வீட்டுக்குள் மின்கம்பி ஓட்டும் சாதாரண பிவிசி பைப் மூன்று மீட்டர் நீளத் துண்டுகளாக வரும். எழுபது மீட்டருக்கு இருபதுக்கு மேற்பட்ட மூட்டுகள். ஒவ்வொரு மூட்டும் தண்ணீரும் வேரும் நுழையும் வாசலாகும். அதைவிட முக்கியமானது வளைவு. பிவிசியில் திரும்ப வேண்டிய இடத்தில் எல்போ போடுவார்கள். செங்குத்தாகத் திரும்பும் அந்த முனையில் கேபிளை இழுப்பது கடினம். இழுத்தாலும் உள்ளிருக்கும் இழை கூர்மையாக மடங்கக்கூடும். கண்ணாடி இழை அளவுக்கு மேல் மடங்கினால் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும். வீட்டு இணைப்புகளுக்கென்று வந்துள்ள ஜி.657 வகை இழைகள் 7.5 அல்லது 10 மில்லிமீட்டர் ஆரம் வரை வளைவைத் தாங்கும்; பழைய ஜி.652 வகைக்கு 30 மில்லிமீட்டராவது வேண்டும். சுருள் குழாயோ தானாகவே அகலமாக வளைந்து செல்லும். எங்கள் பாதை கிணற்றைச் சுற்றித் திரும்ப வேண்டியிருந்தது. ஓர் எல்போகூடப் போடாமல் திரும்பியிருக்கிறது.

கேபிளைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களோடு எனக்கு எந்தப் பூசலும் இல்லை. டிராப் கேபிளுக்குப் பதிலாக நான்கு இழைகள் கொண்ட, உறைக்குள் எஃகுத் தகடு சுற்றிய ஆர்மர்டு கேபிளைக் கொண்டுவந்தார்கள். எலியின் பல்லுக்கு இதுதான் பதில். நான்கு இழைகளில் இப்போது ஒன்றுதான் வேலை செய்கிறது. மூன்று சும்மா கிடக்கின்றன. ஓரிழைக் கேபிளுக்கும் நான்கிழைக் கேபிளுக்கும் விலை வித்தியாசம் மிகக் குறைவு என்பதால், இரண்டுக்குக் குறைவாக யாரும் போட வேண்டாம். ஒன்று உடைந்தால் அடுத்ததை ஒட்டிக்கொள்ளலாம் என்பது மண்ணுக்கடியில் இருக்கும் பொருளுக்குப் பெரிய ஆறுதல்.

பள்ளம் வெட்ட வந்தவர்கள் வேகமானவர்கள், கவனம்தான் போதவில்லை. எங்கள் மண் மணல் கலந்த செம்மண் என்பதால் கடப்பாரைக்குப் பெரிய வேலை இல்லை. தென்னையின் கூந்தல் வேர்களை அங்கங்கே வெட்ட வேண்டியிருந்தது. மரத்தடியிலிருந்து ஆறடியாவது தள்ளிப் பாதையை எடுங்கள் என்று சொல்லி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக் கொடுத்தோம். கோட்டை ஒட்டி வெட்டியவர்கள் கேட்டருகே வந்ததும் குறுக்குவழியில் போய், குடிதண்ணீர்க் குழாயை உடைத்துவிட்டார்கள். குழாய் எங்கே போகிறது என்று முன்கூட்டியே காட்டியிருந்தும் நடந்தது இது. அன்று மாலைக்குள் அவர்கள் செலவிலேயே பிளம்பரை அழைத்துச் சரிசெய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒருவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

ஆழத்தில் அவர்களுக்கு நாட்டமே இல்லை. கேட்டருகே இரண்டடி இருந்த பள்ளம், வீட்டை நெருங்க நெருங்க ஓரடியாக மேலே ஏறிவந்தது. நான் ஒரு குச்சியில் இரண்டடிக்கு அடையாளம் போட்டு, பள்ளத்தின் ஓரமாகவே நடந்து பார்த்து, குறைந்த இடங்களை மறுபடி வெட்டச் சொன்னேன். வேலை செய்பவர்களிடம் இப்படி நிற்பது எனக்குப் பிடித்தமான காரியமன்று. ஆயினும் மண்ணை மூடிவிட்டால் அந்த ஆழம் எவ்வளவு என்று கேட்பதற்கு ஒருவருமில்லை. கூலிக்காரர்களைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. மீட்டர் கணக்கில் கூலி பேசிவிட்டு ஆழத்தைப் பற்றி வாய் திறக்காத ஒப்பந்தத்தில், ஆழம் குறையத்தான் செய்யும். குறை ஒப்பந்தம் போட்டவர்களுடையது.

குழாயை இறக்குவதற்கு முன் பள்ளத்தின் அடியில் கல்லும் ஓட்டுச் சில்லும் இல்லாமல் பொறுக்கி, நான்கு விரல் கனத்துக்கு ஆற்று மணலைப் பரப்பினோம். குழாயை இறக்கி, மேலும் கொஞ்சம் மணல் போட்டு, அதன்மேல் பழைய செங்கற்களை வரிசையாகப் படுக்கவைத்தோம். மின்வாரியத்தார் புதைவடம் பதிக்கும்போது செய்கிற முறைதான் இது. பிற்காலத்தில் யாராவது மண்வெட்டியைப் போட்டால் செங்கல்லில் பட்டுக் கை நின்றுவிடும். இந்த யோசனை நிறுவனத்திடமிருந்து வரவில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் சித்தப்பா சொன்னது. கிணற்று மோட்டாருக்குப் போகும் மின்கம்பியிலிருந்து குழாயை ஓரடிக்கு மேல் விலக்கி வைத்ததும் அவர் சொல்லித்தான். கண்ணாடி இழைக்கு மின்சாரத்தால் எந்த இடையூறும் வராது. ஆனால் நாளைக்கு மோட்டார் வயரைத் தோண்டுகிறவர் ஃபைபரை வெட்டிவிடக் கூடாதல்லவா. குழாய்க்குள் கேபிளோடு சேர்த்து ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவைத்தோம். வருங்காலத்தில் இன்னொரு கேபிளை இழுக்க அது போதும். கேட்டருகே ஒன்றரை அடிச் சதுரத்தில் செங்கல் தொட்டி ஒன்று கட்டி, சிமெண்டு மூடி போட்டு, பத்து மீட்டர் கேபிளை அதற்குள் சுருட்டி வைத்திருக்கிறோம். எப்போதாவது கம்பத்தை மாற்றினாலோ இணைப்பு மறுபடி ஒட்ட வேண்டியிருந்தாலோ, அந்தச் சுருள்தான் கைகொடுக்கும்.

இனி மனம் நிறைந்து பாராட்ட வேண்டிய பகுதிக்கு வருகிறேன். ஸ்பிளைசிங், அதாவது இழைகளை ஒட்டும் வேலை, செய்ய வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். வந்தவுடன் தொட்டியருகே ஒரு பழைய துண்டை விரித்து, நிழலுக்குக் குடையைக் கட்டி, கருவிகளை வரிசையாக அடுக்கினார். கேபிளின் வெளியுறையையும் எஃகுத் தகட்டையும் நீக்கி, உள்ளே இருந்த நான்கு இழைகளை வண்ணம் பார்த்துப் பிரித்தார். கண்ணாடி இழையின் குறுக்களவு 125 மைக்ரான். அதன் நடுவில் ஒளி ஓடும் பகுதி ஏறத்தாழ 9 மைக்ரான் மட்டுமே. அவ்வளவு நுண்ணிய இரு முனைகளை நேருக்கு நேர் வைத்து ஒட்ட வேண்டும். ஸ்ட்ரிப்பரால் வண்ணப் பூச்சை உரித்து, ஆல்கஹால் நனைத்த துணியால் இழையைத் துடைக்கும்போது ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் வந்தால்தான் இழை சுத்தமானது என்றார். கிளீவரில் வைத்து வெட்டியதும் இரண்டு முனைகளையும் இயந்திரத்தில் பொருத்தினார். திரையில் இரண்டு இழைகளும் தடித்த கம்பிகளைப் போலத் தெரிந்தன. முதல் வெட்டு சற்றே சாய்வாக இருந்ததால் இயந்திரம் ஏற்றுக்கொள்ள மறுத்தது. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் மறுபடி உரித்து, துடைத்து, வெட்டினார். இம்முறை இரண்டும் நேராக நெருங்கி வந்தன. மின்பொறி ஒன்று பாய்ந்தது. நடுவில் இருந்த கோடு மறைந்தது. திரை காட்டிய இழப்பு 0.02 டெசிபல். தலைக்கு மேலே போன பழைய கேபிளில் டேப் சுற்றிக் கிடந்த ஒவ்வோர் இணைப்பியும் இதைப்போல் இருபது மடங்கு, அதற்கும் மேல், ஒளியை வீணடித்துக்கொண்டிருந்தது.

அவரிடம் நான் கண்ட இன்னொரு பழக்கத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். வெட்டி எறியும் இழைத் துணுக்குகள் ஒவ்வொன்றையும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பின் ஒட்டும் பக்கத்தில் ஒட்டிச் சேகரித்தார். கடைசியில் டேப்பை மடித்துச் சின்ன டப்பாவில் போட்டு மூடிக்கொண்டார். கண்ணுக்கே தெரியாத கண்ணாடி ஊசிகள் அவை. தோப்பில் நாங்களும் பிள்ளைகளும் வெறுங்காலோடுதான் நடக்கிறோம். காலில் ஏறினால் எடுப்பது மிகக் கடினம். இதற்கு முன் வந்த லைன்மேன்கள் யாரும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு எவர் வந்தாலும் துணுக்குகளை எங்கே போடுகிறார் என்பதைக் கட்டாயம் கவனியுங்கள். இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவும் கூடாது. அதில் ஓடும் 1490 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரியாததாலேயே ஆபத்தானது. பேரன் எட்டிப் பார்க்க வந்தபோது அந்தத் தம்பிதான் முதலில் கையை நீட்டித் தடுத்தார்.

ஒட்டிய பிறகு பவர் மீட்டரைச் செருகி அளவைக் காட்டினார்: மைனஸ் 20.4 டிபிஎம். பழைய அளவோடு ஒப்பிட்டால் 5.4 டெசிபல் முன்னேற்றம். மூன்று டெசிபல் என்பது ஒளியின் வலிமையில் இரண்டு மடங்கு. எனவே முன்பைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு ஒளி இப்போது வீட்டுக்கு வருகிறது. இதற்குமேல் பெரிதாக உயர்த்த முடியாது என்பதற்குக் காரணம் தெருவில் இருக்கும் ஸ்பிளிட்டர்கள். ஓர் இழையின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அவற்றில், எட்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்பிளிட்டரே பத்து டெசிபல் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். எழுபது மீட்டர் கேபிளின் இழப்போ கணக்கில் வராத அளவு; ஒரு கிலோமீட்டருக்கே அரை டெசிபலுக்குக் குறைவு. ஆகவே உங்கள் வீட்டில் அளவு மோசமாக இருந்தால் தொலைவைக் காரணம் காட்டுவதை ஏற்காதீர்கள். மூட்டுகளையும் மடிப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பவர் மீட்டர் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது, பின்னால் புகார் செய்யும்போது மிகவும் உதவும்.

வீட்டுச் சுவரில் குழாய் மேலே ஏறும் இடத்தில், கேபிளின் எஃகுத் தகட்டை வெளிப்பெட்டியோடு நிறுத்திவிட்டு, உலோகம் இல்லாத இழையை மட்டும் உள்ளே கொண்டுவந்தார்கள். இடி மின்னல் அதிகமுள்ள தோப்பு வீட்டுக்கு இது அவசியம். முன்பு தாமிரத் தொலைபேசிக் கம்பி இருந்த காலத்தில் மின்னல் அடித்து மோடம் கருகிப்போனதுண்டு. கண்ணாடி வழியே அந்த ஆபத்து வராது, ஆனால் கேபிளின் உலோக உறை உள்ளே வந்தால் அதன் வழியே வரக்கூடும். சுவர்த் துளையையும் வெளிப்பக்கம் சரிவாக இருக்கும்படி போட்டதால் மழைநீர் உள்ளே இறங்குவதில்லை. உள்ளே சுவர்ப்பெட்டியிலிருந்து பச்சை முனை கொண்ட பேட்ச் கார்டு எனும் சிறு இணைப்புக் கேபிள் மோடத்துக்குப் போகிறது. பச்சை முனையின் முகம் எட்டுப் பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டது. நீல முனை அப்படியன்று. இரண்டும் ஒன்றோடொன்று செருகிக்கொள்ளும் என்பதால், அவசரத்தில் கலந்து போட்டுவிட்டால் ஒளி வீணாகும், முனைகளும் கெடும்.

தாமிரக் கம்பிக்கு இருந்த ஒரு நன்மை ஃபைபருக்கு இல்லை. பழைய தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக வந்ததால், வீட்டில் கரண்ட் போனாலும் அது பேசியது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே மோடத்துக்கென்று 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றைத் தனியாக வாங்கி வைக்க வேண்டும். நிறுவனம் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை; நாங்களாகவே வாங்கினோம்.

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து வந்த வெள்ளம் தென்பெண்ணையில் பெருகி, கடலூரின் பல பகுதிகளுக்குள் புகுந்தது. எங்கள் தோப்பில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கேட்டருகே உள்ள தொட்டி முழுவதும் மூழ்கிவிட்டது. இணையம் போனது உண்மை. ஆனால் போனது எங்கள் எழுபது மீட்டரில் அன்று, தெருக்கோடியில் சாய்ந்த கம்பத்தில். அங்கே கேபிளைச் சேர்த்ததும், எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வராமலேயே, மோடத்தில் பச்சை விளக்கு வந்துவிட்டது. தோப்பில் விழுந்த மட்டைகளையும் இரண்டு மரங்களையும் பார்த்தபோது, பழைய கேபிள் இருந்திருந்தால் வரிசையில் நின்று பல வாரம் காத்திருந்திருப்போம் என்று தோன்றியது. தண்ணீர் வடிந்த பிறகு மோடத்தின் அமைப்புத் திரையில் பார்த்தபோது அளவு மைனஸ் 20.5. வெளியே போடும் இவ்வகைக் கேபிளின் உள்ளே களிம்பு நிரப்பியிருப்பதால், குழாய்க்குள் தண்ணீர் நின்றாலும் உடனே கேடு இல்லை.

இதிலிருந்து ஓர் உண்மையும் தெளிவாகிறது. வீட்டு எல்லைக்குள் மண்ணுக்கடியில் போடுவதால் உங்கள் எல்லைக்குள் நேரும் பழுதுதான் நிற்கும். தெருவில் கேபிள் கம்பத்திலேயே தொங்கும்வரை, கம்பத்துக்கு வரும் துன்பம் உங்களுக்கும் வரும். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயலைக் கண்ட ஊர் இது. அதன் பிறகு மின்கம்பிகளையே மண்ணுக்கடியில் கொண்டுபோகும் பணிக்கு அரசு இங்கே பெரும் செலவு செய்தது. இணையக் கேபிளையும் அதே அக்கறையோடு நிறுவனங்கள் கீழே இறக்கியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தெருவைத் தோண்டுவதற்கான அனுமதியை வாங்குவது நிறுவனத்தின் பொறுப்பு. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தொலைத்தொடர்பு வழியுரிமை விதிகள் அதற்கான நடைமுறையை வகுத்திருக்கின்றன. ‘நீங்களே தெருவைக் குறுக்கே வெட்டிக் கொடுங்கள், கேபிளை நாங்கள் போடுகிறோம்’ என்று எந்த நிறுவனமாவது கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எங்களுக்குக் கம்பம் கேட்டுப் பக்கமே இருந்ததால் அந்தச் சிக்கல் எழவில்லை.

வேகத்தைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். நாங்கள் வைத்திருப்பது 100 எம்பிபிஎஸ் திட்டம். மண்ணுக்கடியில் போட்டதால் அது 101 ஆகிவிடாது. மாறியது நிலைத்தன்மை மட்டுமே. மாலை நேரத்தில் எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது வரும் மெதுமை இன்னும் இருக்கிறது. அது தெருவில் பகிரப்படும் இழையையும் நிறுவனத்தின் மேல்நிலை வசதியையும் பொறுத்தது. மாடியறைக்கு வைஃபை சரியாக எட்டாததும் கேபிளின் குற்றமன்று. தடித்த செங்கல் சுவரின் காரியம்.

குறைகளில் மிகப் பெரியது அலுவலகம். என்ன குழாய், எவ்வளவு ஆழம், எத்தனை இழை என்று ஒன்றைக்கூட எழுதித் தரவில்லை. பில்லில் ‘இன்ஸ்டலேஷன்’ என்ற ஒரே சொல்லின் கீழ் மொத்தத் தொகை இருந்தது. கூலி எவ்வளவு, பொருள் எவ்வளவு என்று பிரித்துக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. கேபிள் சென்ற பாதையின் வரைபடம் தருவதாகச் சொன்னவர்கள் தரவில்லை. மண்ணை மூடுவதற்கு முன், அளவு நாடாவைப் பக்கத்தில் கிடத்தி, கிணற்றுச் சுவரிலிருந்தும் கேட்டுத் தூணிலிருந்தும் தொலைவு தெரியும்படி நாங்கள் படமெடுத்து வைத்திருக்கிறோம். ஆர்மர்டு கேபிளில் எஃகு இருப்பதால் கருவி கொண்டு பாதையைக் கண்டுபிடிக்க வாய்ப்புண்டு. உலோகம் இல்லாத கேபிளைப் போடுகிறவர்களுக்கு இந்தப் படங்களை விட்டால் வேறு வழியில்லை. குழாயின் இரு வாய்களையும் அடைக்காமலே போய்விட்டார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம். திறந்த குழாய் எலிக்கும் எறும்புக்கும் நேர்வழி. வாய்க்குப் பொருந்தும் ரப்பர் அடைப்பானை ஹார்டுவேர்க் கடையில் வாங்கி நாங்களே போட்டோம். எம்-சீல் போன்றவற்றைப் பூசி இறுக்கிவிட்டால் பின்னால் கேபிளை உருவ முடியாது என்பதால் அதைத் தவிர்த்தோம்.

செலவைப் பார்த்தால், பள்ளக் கூலி, குழாய், கேபிள், தொட்டி, ஸ்பிளைசிங் எல்லாம் சேர்த்துப் பதினான்காயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. தெருவை ஒட்டிய வீட்டுக்கு, நான்கைந்து மீட்டர் கேபிளுக்காக இதைச் செய்யத் தேவையில்லை. சுவரோரமாக ஒரு பைப்பில் இறக்கினாலே போதும். உள்தள்ளிய வீடு, தோப்பு, குரங்குத் தொல்லை, கட்டட வேலை நடக்கும் மனை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் தயங்காமல் செய்யலாம். புதிதாக வீடு கட்டுகிறவர்கள், தரை போடுவதற்கு முன்பே கேட்டிலிருந்து வீட்டுக்குள் வரை ஒரு வெற்றுக் குழாயைக் கயிற்றோடு பதித்து வைத்துவிட்டால், எங்கள் செலவில் பெரும்பங்கு அவர்களுக்கு மிச்சம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் என் உடன்பிறந்த தம்பி கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கும் தை மாதத்தில் இணைப்பு வேண்டும். சும்மா கிடக்கும் மூன்று இழைகளில் ஒன்றை அங்கே நீட்டப்போகிறோம். ஒட்டுவதற்கு, முன்பு ஸ்பிளைசிங் செய்த அதே தம்பியைத்தான் அனுப்ப வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். நடுவில் உள்ள இருபத்தைந்து மீட்டர் பள்ளத்தை மட்டும் எங்கள் தோப்பில் வேலை பார்ப்பவர்களை வைத்து, இரண்டடி ஆழத்தில், நாங்களே வெட்டிக்கொள்கிறோம்.